முந்தானை விழும் பக்கம்

டாக்ஸி எங்களை இறக்கிவிட்டபோது சாயங்காலம்தான். அதற்குள் அந்த ஊரில் இருட்டிவிட்டது. நாலு பக்கமும் மலை, நடுவில் ஏரி. ஏரியை ஒட்டி மரத்தால் கட்டிய பழைய விடுதி, கூரை மேல் பனி மூடிக் கிடந்தது. தண்ணீர் எங்கே முடிகிறது, இருட்டு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. காற்றில் ஒரு கந்தக வாசம். தீபாவளிக்கு மறுநாள் காலையில் தெருவில் அடிக்குமே, அந்த வாசம். பூமிக்கடியிலிருந்து வெந்நீர் ஊறி வருகிற இடமாம், அப்படித்தான் இருக்கும் என்றார்கள்.

"இதாங்களா?" என்றாள் அம்புஜம்.

"இதான்."

எங்கள் மகள் லாஸ்யா கடைசியாகத் தங்கிய இடம் அது.

நான் கோவிந்தராஜுலு. சிங்காநல்லூரில் மோட்டார் பம்ப் பட்டறை வைத்திருக்கிறேன். ஓடாத மோட்டாரைக் கழற்றிப் போட்டுப் பழுது எங்கே என்று கண்டுபிடித்துத்தான் இத்தனை வருஷம் சோறு தின்றேன். லாஸ்யாவுக்கும் அதே புத்தி. ஜப்பானில் ஒரு மெஷின் கம்பெனியில் இன்ஜினீயராக இருந்தாள். போன குளிர்காலத்தில் ஆபீஸ் தோழிகளோடு இந்த விடுதிக்கு வந்தவள், விடியும் நேரத்தில் தனியாகப் படகுத்துறைக்குப் போயிருக்கிறாள். பலகையில் பனி உறைந்து வழுக்கியிருக்க வேண்டும். அவள் செருப்பு துறையில் கிடந்தது. அவள் கிடைக்கவில்லை. ரொம்ப ஆழமான ஏரி, அடித்தண்ணீர் பனிக்கட்டியாட்டம் இருக்கும், உள்ளே போனது மேலே வருவது கஷ்டம் என்று போலீஸ்காரர்கள் சொன்னதாகக் கம்பெனிக்காரர்கள் போனில் சொன்னார்கள். ஒரு தகப்பனிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது?

உடம்பு கிடைக்காவிட்டால் தர்ப்பையில் உருவம் செய்து காரியம் பண்ண வழி இருக்கிறது. அம்புஜம் ஒத்துக்கொள்ளவே இல்லை. "புல்லைக் கட்டி வெச்சு, எம்பட புள்ளைன்னு சொல்லிக் கொளுத்துவீங்களா?" என்று கேட்டாள். வருஷம் திரும்பியது. அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை. கடைசியில் ஒருநாள், "அந்த ஏரியைக் கண்ணுல காட்டுங்க. அப்பறம் என்ன வேணுமோ செஞ்சுக்கங்க," என்றாள். எள்ளும் பச்சரிசியும் பெட்டியில் எடுத்து வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். காரியத்தை முடித்து, இருக்கிற ஒருத்தியை முழுசாக ஊருக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

பாஷைக்கு நஸ்ரியா கூட வந்தாள். உக்கடத்தில் எனக்குப் பழைய இரும்பு போடுகிற இல்யாஸ் பாயின் மகள், ஜப்பானில்தான் படிக்கிறாள். லாஸ்யாவை அவள் பார்த்ததில்லை, பேசியதில்லை. வாப்பா சொன்னார் என்பதற்காக ரயில் பிடித்து வந்த தங்கமான பெண்.

விடுதிக்கார அம்மாள் வாசலில் மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் கும்பிட்டார். நாங்கள் யார் என்று நஸ்ரியா முன்னமே சொல்லியிருந்தாள். அவர் நிமிர வெகுநேரம் ஆயிற்று. நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. கடும் பனி என்பதால் எங்களைத் தவிர விருந்தாளி ஒருவரும் இல்லையாம்.

அறையில் கட்டில் கிடையாது, தரை முழுக்கக் கோரைப் பாய். அலமாரியில் ஆளுக்கு இரண்டு அங்கி மடித்து வைத்திருந்தார்கள். பொத்தான் இல்லாத நீள அங்கி. முன்பக்கத்து மடிப்புகளை ஒன்றன்மேல் ஒன்று போட்டு இடுப்பில் துணிப்பட்டையால் கட்டிக்கொள்ள வேண்டும். நான் சட்டை போடுகிற பழக்கத்தில் இடது பக்கத்தை மேலே போட்டுக் கட்டினேன். அம்புஜம் சேலை கட்டுகிற பழக்கத்தில் வலது பக்கத்தை மேலே கொண்டுவந்தாள். முந்தானை வலது இடுப்பிலிருந்து வந்து இடது தோளில்தானே விழும்? அவள் கை அப்படித்தான் பழகியிருந்தது. இரண்டு பேரும் எதையும் யோசிக்கவில்லை.

குளிக்கிற இடத்தில் ஆண்களுக்கு நீலத் திரை, பெண்களுக்குச் சிவப்புத் திரை. உள்ளே துணியில்லாமல்தான் இறங்க வேண்டும் என்று நஸ்ரியா சொன்னதும் அம்புஜம் பின்வாங்கினாள்.

"அய்யே! அதெல்லாம் ஆகாதுங்க. இத்தனை வயசுக்கு மேல எனக்கு இது ஒண்ணுதான் கொறச்சலா?"

"உள்ள யாருமே இல்லைங்க ஆன்ட்டி. நீங்க மட்டுந்தான். உங்க பாப்பாவும் குளிச்ச எடம்னு சொன்னீங்களே," என்றாள் நஸ்ரியா. சளி பிடித்திருந்ததால் அவள் வரவில்லை.

பாப்பா குளித்த இடம் என்றதும் அம்புஜம் திரையை விலக்கிப் போய்விட்டாள்.

ஆண்கள் பக்கத் தொட்டி திறந்தவெளியில் இருந்தது. சுற்றிலும் கல், கல்லுக்கு அந்தப் பக்கம் ஏரி. நடுவில் மூங்கில் தடுப்பு, அதற்கு அப்பால் பெண்கள் பக்கம். கழுத்து வரை வெந்நீரில் உட்கார்ந்தேன். ஆவியில் எதிரே எதுவும் தெரியவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் தண்ணீர் மொண்டு ஊற்றுகிற சத்தம் கேட்டது. அம்புஜம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு இன்னொரு மூலையிலும் அதே சத்தம் கேட்டது. அப்புறம் தடுப்புக்குப் பக்கத்திலேயே.

"அம்புஜம்?" என்றேன்.

எல்லாச் சத்தமும் ஒரே நேரத்தில் நின்றது.

அவள் அறைக்குத் திரும்பி வந்தபோது எனக்கு ஆச்சரியம். முகத்தில் களை வந்திருந்தது. அந்த வருஷம் முழுக்க நான் பார்க்காத முகம். ஈர அங்கியை ஜன்னலோரம் உலரப் போட்டுவிட்டு, இன்னொன்றை அதே மாதிரி கட்டிக்கொண்டாள்.

"துணியோடவே எறங்கிட்டியா?"

"அவங்க எல்லாரும் துணியோடதானுங்க உக்காந்திருந்தாங்க. எனக்கும் நல்லதாப் போச்சு. ஒருத்தரும் வாயத் தொறக்கல. ஆனா என்னைப் பாத்ததும் அக்கட்டால நகந்து எடம் உட்டாங்க."

"யாரும் தங்கலைன்னாங்களே?"

"ஊர்க்காரங்களா இருக்குமுங்க," என்றாள்.

சாப்பாட்டை விடுதிக்கார அம்மாளே அறைக்குக் கொண்டுவந்தார். கிண்ணம் கிண்ணமாக என்னென்னவோ. ஆளுக்கொரு முழு மீன் சுட்டு வைத்திருந்தார்கள். அம்புஜம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏரி மீனுங்களா கண்ணு?"

"ஆமாங்க ஆன்ட்டி. இங்க புடிச்சதுதானாம்..." சொல்லிக்கொண்டே வந்த நஸ்ரியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. சாப்பிடுகிற குச்சிகளைக் கீழே வைத்துவிட்டாள்.

அம்புஜம் தட்டை இரண்டு கையாலும் மெதுவாக என் பக்கம் தள்ளினாள். "நம்ம புள்ள கெடக்கற தண்ணிங்க அது," என்றாள். அந்த மீனை யாரும் தொடவில்லை.

தட்டை எடுக்க வந்த விடுதிக்கார அம்மாள் அம்புஜத்தின் நெஞ்சுப் பக்கம் பார்த்தார். கையிலிருந்ததை அப்படியே தரையில் வைத்தார். முழங்காலால் நகர்ந்து வந்து, அம்புஜத்தின் இடுப்புப் பட்டையை அவிழ்த்து, மடிப்பைப் பிரித்து, இடது பக்கத்தை மேலே போட்டு இறுக்கிக் கட்டினார்.

"என்னாச்சு கண்ணு?" என்று நஸ்ரியாவைக் கேட்டேன்.

அவள் சொல்லத் தயங்கினாள். "வலது பக்கம் மேல வரக்கூடாதாமுங்க அங்கிள். செத்துப்போனவங்களுக்குத்தான் அப்படிக் கட்டிவிடுவாங்களாம்."

அம்புஜம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்ப உள்ள உக்காந்திருந்தவங்களும் அப்படித்தான கட்டியிருந்தாங்க!"

நஸ்ரியா அதை ஜப்பான் பாஷையில் சொன்னாள். விடுதிக்கார அம்மாள் எழுந்து போய்ச் சிவப்புத் திரைக்குக் கீழே தடுப்பாக ஒரு குவியல் உப்பு வைத்துவிட்டு வந்தார். வெயில் வந்த பிறகு ஏரிக்குப் போகலாம், அதுவரைக்கும் குளிக்கிற பக்கம் போக வேண்டாம் என்று மட்டும் சொல்லச் சொன்னார்.

நஸ்ரியா தன் அறைக்குப் போனதும் அம்புஜம் என் கையைப் பிடித்தாள்.

"ஏனுங்க, ஒருத்தி மட்டும் அந்தப்பக்கம் திரும்பி உக்காந்திருந்தா. ஈரத்தலைய விரல்ல சிக்கெடுத்துட்டே இருந்தா."

"ஏதோ ஜப்பான்காரி."

"சுருட்டை முடிங்க."

லாஸ்யாவின் தலையை வாருவதற்குள் வீட்டில் ஒரு போர்க்களமே நடக்கும்.

"மொகத்த ஒருக்கா பாத்துட்டாப் போதுங்க," என்று கிசுகிசுத்தாள்.

"பாத்துட்டு?"

"பாத்துட்டு என்னங்க, கூடவே இருந்துக்கறேன்."

கோபம் வந்துவிட்டது. "கிறுக்குப் புடிச்சாப்பல பேசாத! அப்ப நான் யாரு? நான் எங்க போறது?" என்று கத்தினேன். அவள் பரிதாபமாகப் பார்த்தாள். அந்த அங்கியே வேண்டாம் என்று அவளைச் சேலைக்கு மாறச் சொன்னேன். படுக்கும்போது அவள் முந்தானையை என் இடுப்புப் பட்டையோடு சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டேன். கல்யாணத்தில் போட்ட மாதிரியே. அவள் தடுக்கவில்லை.

விழித்தபோது காகிதம் ஒட்டிய ஜன்னல் சாம்பல் நிறத்தில் வெளுத்திருந்தது.

முடிச்சு அப்படியே இருந்தது. என் இடுப்பிலிருந்து சேலை பாய் மேல் நீளமாக ஓடி, அவள் படுக்கை வரைக்கும் போயிருந்தது.

சேலைக்குள் அவள் இல்லை.

ஜன்னலோரம் உலரப் போட்டிருந்த ஈர அங்கியும் இல்லை.

முடிச்சைப் பிய்த்துக்கொண்டு ஓடினேன். நடையில் பலகைத் தரை. குளிக்கிற பக்கமிருந்து ஈரக் கால்தடங்கள் எங்கள் கதவு வரைக்கும் வந்திருந்தன. வந்த தடம் ஒருத்தருடையது.

திரும்பிப் போன தடம் இரண்டு பேருடையது.

திரைக்குக் கீழே இருந்த உப்பு கரைந்து வழிந்திருந்தது. பெண்கள் பக்கம் ஆண் நுழையக் கூடாது என்பதெல்லாம் நினைவுக்கே வரவில்லை. உள்ளே ஓடினேன். வெளித்தொட்டியில் ஆவி சுவர் மாதிரி நின்றது. ஈரத்துணி வாடை, குளத்து அடிச்சேற்று வாடை. ஒரு பறவைகூடக் கத்தவில்லை.

"அம்புஜம்!"

அவள் தொட்டியின் கடைசியில், இடுப்பளவு தண்ணீரில், எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். ஏரிப்பக்கத்துக் கல் மேல் ஒரு காலைத் தூக்கி வைத்திருந்தாள். வலது கையை நீட்டியிருந்தாள், யாரோ பிடித்திருப்பதுபோல.

அவளைத் தவிர அங்கே யாரும் இல்லை. சத்தியமாக என் கண்ணுக்கு யாரும் தெரியவில்லை.

ஆனால் அவளைச் சுற்றித் தண்ணீர் இடம் இடமாக அலையாடிக்கொண்டிருந்தது, ஆள் உட்கார்ந்திருந்தால் ஆடுமே, அப்படி.

நான் தண்ணீரில் குதித்தேன். கால் வழுக்கி விழுந்தேன். எழுந்து பார்த்தபோது அம்புஜம் என் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். அவள் பார்வை என் மேல் இல்லை. தனக்கு நேர் எதிரே, ஒரு முழ தூரத்தில் எதையோ பார்த்து அழுதுகொண்டிருந்தாள்.

"வேண்டாங் கண்ணு," என்றாள். "வேண்டாஞ் சாமி. அம்மா இப்படியே இருந்துக்கறேன்."

அவள் இடுப்புப் பட்டை தானாக அவிழ்ந்தது.

அவள் கை இரண்டும் விலகித்தான் இருந்தன. அங்கியின் வலது மடிப்பு மெல்லத் திறந்தது. உள்பக்கமாகப் போய்ப் படிந்தது. இடது மடிப்பு அதன் மேல் வந்து விழுந்தது. ஓரத்தை யாரோ இழுத்துச் சரி செய்தார்கள். பட்டை சுற்றி வந்தது, ஒரு முடிச்சு, அதன்மேல் இன்னொரு முடிச்சு. கடைசியாக இடுப்பில், ஈரத்துணி உள்ளங்கை அகலத்துக்கு அமுங்கி எழுந்தது.

கல்யாண வீட்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் லாஸ்யா அம்மாவின் கொசுவத்தைச் சரி செய்து, இடுப்பில் அப்படித்தான் ஒரு தட்டுத் தட்டுவாள்.

அடுத்த நொடி அம்புஜம் குருடி மாதிரி காற்றில் கையைத் துழாவ ஆரம்பித்தாள். "பாப்பா? எங்க போனே? பாப்பா!" அவள் போட்ட சத்தத்தை நான் எழுதிக் காட்ட முடியாது. ஒரு தாய் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. பாய்ந்து அவளைக் கட்டிக்கொண்டேன். முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள், முடியவில்லை. இரண்டு பேரும் தண்ணீருக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டோம்.

"மொகத்தப் பாத்தியா?" என்று கேட்டேன்.

தலையாட்டினாள். "அப்படியேதான் இருக்கறா. குளுருதும்மான்னாளுங்க. ஏரி அத்தனை குளுராம். சித்த நேரம் காயறதுக்குத்தான் எல்லாரும் இங்க வந்து உக்கார்றாங்களாம்."

அதற்குப் பிறகு நான் செய்ததைப் பட்டறையில் யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். என் பட்டையை அவிழ்த்தேன். வலது மடிப்பை மேலே கொண்டுவந்து கட்டிக்கொண்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆவிக்குள் பார்த்தேன். ஒரு தடவை. ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்றுதான் எனக்கும் இருந்தது.

ஏரிக்கு மேலே வெயில் வந்துவிட்டது. ஆவி கலைந்துகொண்டிருந்தது. தண்ணீர் அசையவில்லை.

அம்புஜம்தான் என் பட்டையை அவிழ்த்து, இடது பக்கத்தை மேலே போட்டு, திரும்பக் கட்டிவிட்டாள்.

படகுத்துறையில் காரியம் நடந்தது. அவள் மறுப்பு எதுவும் சொல்லவில்லை. எள்ளை அவளே எடுத்து என் உள்ளங்கையில் போட்டாள். தண்ணீர் விட்டேன். "நல்லபடியாப் போய்ச் சேரு கண்ணு," என்று வாய்தான் சொன்னது. மனசு சொல்லவில்லை.

கிளம்பும்போது டாக்ஸி வாசலுக்கு வந்தது. விடுதிக்கார அம்மாள் தெருவில் நின்று குனிந்து கும்பிட்டபடி இருந்தார். நஸ்ரியா முன்னால் உட்கார்ந்தாள், நாங்கள் பின்னால். வண்டி ஏரியை ஒட்டிக் கொஞ்ச தூரம் போனதும் நஸ்ரியா திரும்பினாள்.

"அந்தம்மா எப்பங்க அங்கிள் தமிழ் கத்துக்கிட்டாங்க? நம்மூராட்டமே சொல்றாங்க."

"என்ன சொன்னாங்க?"

"போய்ட்டு வாங்கம்மான்னாங்களே! ஏரிப்பக்கமிருந்து. நீங்க கேக்கலீங்களா?"

விடுதிக்கார அம்மாள் ஏரிப்பக்கம் நிற்கவில்லை. வாயையும் திறக்கவில்லை.

அம்புஜத்தைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடியிருந்தாள், கன்னத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கும் கேட்டிருக்கிறது. பெற்றவளுக்கு முகம் தெரிந்தது, குரல் கேட்டது. ஊரார் பெண்ணுக்குக்கூடக் குரல் கேட்டது. எனக்கு என்ன குறை? நான் என்ன பாவம் செய்தேன்?

"என்னைப் பத்தி ஏதாச்சும் சொல்லுச்சா கண்ணு?" என்றேன்.

"யாருங்க அங்கிள்?" நஸ்ரியா விழித்தாள்.

வண்டியை நிறுத்தச் சொன்னேன். கதவைத் திறந்துபோட்டு இறங்கி, பனியில் முழங்கால் புதைய ஏரிக்கரைக்கு நடந்தேன். காரியம் பண்ணின கை இன்னும் காயவில்லை. போய்ச் சேர் என்று சொன்ன வாயால் திரும்பக் கூப்பிடக் கூடாது என்று எனக்குத் தெரியும். எல்லாம் தெரியும்.

"லாஸ்யா!" என்று கூப்பிட்டேன். "இந்தக் குளுருல எதுக்குக் கண்ணு கெடக்கறே? வா. ஊட்டுக்குப் போலாம். அப்பா கூட்டிட்டுப் போறேன், வா."

நின்று பார்த்தேன். எதுவும் கேட்கவில்லை. ஏரி பளபளவென்று வெயிலில் கிடந்தது. என் முட்டாள்தனத்தை நானே நொந்துகொண்டு திரும்பினேன்.

நான் இறங்கின கதவு திறந்தே இருந்தது. அம்புஜம் நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஏறப் போனேன்.

"அந்தப் பக்கமா வாங்க," என்றாள் மெதுவாக. "இங்க எடமில்லீங்க."

அவள் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. துணி உறை மட்டும் நனைந்து கறுத்திருந்தது.

நான் சுற்றிப் போய் மறுபக்கம் ஏறினேன். பெல்ட் போட்டுக்கொண்டேன். அம்புஜமும் போட்டுக்கொண்டாள். வண்டி நகர்ந்ததும் உள்ளே கீச் கீச்சென்று ஒரு சத்தம் அடிக்க ஆரம்பித்தது. டிரைவர் முன்னால் எரிந்த சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டு நஸ்ரியாவிடம் ஏதோ சொன்னார்.

"பின்னாடி ஒருத்தர் பெல்ட் போடலைங்கறாரு அங்கிள். போட்டாத்தான் இந்தச் சத்தம் நிக்குமாம்."

அம்புஜம் குனிந்து, ஜன்னலோர பெல்ட்டை இழுத்து, எதன் மேலும் அழுந்திவிடாமல் பதனமாகக் கொண்டுவந்து மாட்டினாள்.

சத்தம் நின்றது.